சம்பங்கித் தூர் பிரிக்கப் போய்...

மொட்டைமாடி:
நாலு வருஷமாக ஒரே பையில் இருந்த சம்பங்கி. ஒற்றை அடுக்குப் பூ ரகம். போன வருஷம் முழுக்க இலைதான், பூத்தண்டு இரண்டே இரண்டு. சரி, மண்ணுக்குள் கொத்தாகப் பெருகிய கிழங்குத் தூரைப் பிரித்து வைப்போம் என்று இந்தச் சித்திரையில் இறங்கினேன். மண் இளகட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். காலையில் பையைக் கிழித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. இழுத்தேன், வரவில்லை. பொறுமை போய் அரிவாளால் நடுவில் ஒரே போடு. 'சரக்'. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரிய கிழங்கெல்லாம் வெங்காயம் மாதிரி பாதிப் பாதியாகக் கிடந்தன. அப்படியும் விடாமல் அன்றைக்கே ஐந்து பையில் நட்டேன். பத்தாம் நாள் தோண்டினால் விரல் கிழங்குக்குள்ளேயே போய்விட்டது. என்ன நாற்றம்! சாயங்காலமானால் மாடியையே மணக்க வைத்த செடி.

கண்வலிக்கிழங்கு:
உங்களுக்காவது அரிவாள், எனக்கு வெறுங்கை. செங்காந்தள் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருக்கும், முளை நுனியில்தான். பையனுக்குக் காட்டலாம் என்று தூக்கினேன், நுனி 'டக்'. அவ்வளவுதான், அந்தப் பக்கம் முளைக்கவேயில்லை. முழுக்க விஷமாயிற்றே, அப்புறம் அவன் கையைக் கழுவ ஓடியது தனிக் கதை.

சத்திக்காரன்:
அரிவாள்மேல் பழி போடாதீர்கள். தப்பு அந்த ஒரு வாளித் தண்ணீரில். நானும் ஒருமுறை ஈரக் கிழங்கைச் சாக்கில் கட்டி அரை மூட்டையை இழந்தவன்தான். தூர் எடுக்கும் முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். இலை மஞ்சளாகிக் காயணும். அப்புறம் சுற்றிலும் தள்ளித் தோண்டி, முழுத் தூராக எடுத்து, மண்ணைத் தட்டினால் கையிலேயே பிரியும். பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, அதற்காக அழ வேண்டாம். பக்கக் கிழங்குகளில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தடிமன் உள்ளதை மட்டும் எடுங்கள். பொடிக் கிழங்கை நட்டால் முதல் வருஷம் இலைதான். காற்றோட்டமான நிழலில் ஒரு மாதம் பரப்பி வைத்து, ஜூன், ஜூலையில் நடுங்கள். எடுத்த அன்றே நடுகிறவர்களை என்ன சொல்ல!

மொட்டைமாடி:
அண்ணா, அறிவுரை கேட்கவில்லை, புலம்பத்தான் வந்தேன். தப்பித்த மூன்று கிழங்கு கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள்மேல் இருக்கிறது. தினமும் எடுத்து அழுத்திப் பார்க்கிறேன்.

சத்திக்காரன்:
முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள்.