வண்டல் ஆவணமா, வண்டல் தடயமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏரியடியில் அடுக்கடுக்காகப் படிந்த சேறு பழைய காலத்தின் சான்றுகளைக் காத்துவைத்திருப்பதை ஆங்கிலத்தில் 'செடிமென்ட் ஆர்க்கைவ்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'வண்டல் ஆவணம்' என்ற சொல்லைப் பலரும் ஏற்றிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் ஏரியின் அடியிலேயே இருக்கிறது.

முதலில் ஆவணத்துக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். சுவீடன் ஏரிகளின் வண்டலை ஆராய்ந்து இங்கெமார் ரென்பெரி குழுவினர் 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பக்கத்தில் ஆலையோ சுரங்கமோ இல்லாத ஏரிகளிலும், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் படிந்த சேற்றில் ஈயம் கூடியிருந்தது. கிரேக்கரும் ரோமானியரும் வெள்ளிக்காக ஈயத் தாதுவை உருக்கினார்கள். அந்தப் புகை காற்றில் ஏறி அவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கிறது. ரோமப் பேரரசு சரிந்தபின் ஈயம் குறைகிறது. கி.பி. 1000 வாக்கில் மறுபடி ஏறுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய 1970களில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மடமடவென்று இறங்குகிறது. விழுந்தது வெளியூர் ஈயம்தானா என்ற சந்தேகத்தை, ஈயத்தின் இரு ஐசோடோப்புகளான (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள்) ஈயம்-206க்கும் ஈயம்-207க்கும் உள்ள விகிதம் தீர்த்துவைக்கிறது. அந்த மண்ணுக்கே உரிய ஈயத்தில் இந்த விகிதம் தெளிவாகவே அதிகம், வெளியிலிருந்து வந்ததில் குறைவு.

ஈயம் பெரும்பாலும் விழுந்த அடுக்கிலேயே தங்கிவிடும். அதை மட்டும் பார்த்தால் 'ஆவணம்' பொருந்தும், சரி.

நுண்ணுயிர்கள் அப்படியல்ல. மேலே சேறு மூடியபிறகும் அவை அதே அடுக்கில் வாழ்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்துபோனால் ஒரு கூட்டம் மடிந்து இன்னொரு கூட்டம் பெருகும். சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. மீன் வழியாக மனிதரை எட்டும் நஞ்சு அதுதான். இந்த வேலைக்குத் தேவையான இரண்டு மரபணுக்களை 2013இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆக, 1950ஆம் ஆண்டின் அடுக்கில் இன்று கிடைக்கும் டி.என்.ஏ.வில் அன்று நீரில் மிதந்த உயிர்களின் மிச்சமும் இருக்கும், புதைந்தபின் அங்கேயே பெருகியவற்றின் பங்கும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் கடினமான பகுதி. எழுதிக் கையெழுத்திட்டு முடித்ததைத்தான் நாம் ஆவணம் என்கிறோம். மாணவர் அந்தச் சொல்லைப் படித்தால், அடுக்கில் உள்ளதெல்லாம் அந்த ஆண்டுக்குரியது என்றே எடுத்துக்கொள்வார்.

அதனால் 'வண்டல் தடயம்' என்று முன்மொழிகிறேன். தடயம் கிடைத்தால் உடனே நம்பிவிட மாட்டோம், விசாரிப்போம். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் அது ஒருசேரப் பொருந்தும்.

'வண்டல்' ஆற்றுக்கு மட்டுமே உரியது என்ற மறுப்பு சரியில்லை. ஏரியிலிருந்து வண்டல் அள்ளி வயலில் போடுவது நம் உழவர்களின் பழைய வழக்கம். அதற்குப் பதில் 'படிவு' என்றால் புதைபடிவம், வீழ்படிவு, விண்ணப்பப் படிவம் எல்லாம் குறுக்கே வந்து நிற்கும்.

'கோர்' என்பதற்கு 'உள்ளகம்', 'மையம்' இரண்டுமே வேண்டாம். ஏரிக்குள் குழாயை இறக்கி எடுக்கும் நீண்ட சேற்று உருளை எதற்கும் மையமில்லை. 'வண்டல் தண்டு' போதும். தண்டின் அடி பழையது, நுனி புதியது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

'வார்வ்' என்பதற்கு 'ஆண்டடுக்கு'. சுவீடனின் காஸ்ஷொன் ஏரியில் இது கண்ணுக்கே தெரியும்: வசந்தத்தில் பனி உருகி ஓடிவரும் நீர் கொண்டுவந்த வெளிறிய மண்துகள் ஒரு கோடு, குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் மெல்லப் படிந்த, மக்கிய கரிய பொருள் ஒரு கோடு. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. இப்படிக் கோடு விழாத ஏரிகளில் அடுக்கின் வயதைக் கணிக்க, தானே சிதைந்து குறையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210ஐ நம்ப வேண்டும். அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 22 ஆண்டு என்பதால் ஒன்றரை நூற்றாண்டு வரைதான் அது கைகொடுக்கும்.

வண்டலில் கிடைக்கும் டி.என்.ஏ.வை 'வண்டல் மரபணு' என்று எழுதுவதையும் நிறுத்திவிடலாம். அங்கே கிடைப்பவை துண்டுகள், முழு மரபணுவாக இருப்பவை குறைவு. 'வண்டல் டி.என்.ஏ.' என்றே பட்டியலில் சேர்ப்போமா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.