டிவியைக் குறைக்கச் சொல்லு

பேச்சு வார்த்தை நின்றுபோன உடன்பிறப்புகளைப் பற்றி ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். என் பங்குக்கு ஒன்று.

சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. போன தை மாதம் நண்பனின் மகன் குறும்படம் எடுக்கிறேன் என்று வந்து நின்றான். அப்பாவின் காரியத்துக்கு வந்த அண்ணனும் தம்பியும் பல வருடம் கழித்து ஒரே வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறார்கள், அவ்வளவுதான் கதை. மைக் கம்பு பிடிக்க ஆள் இல்லை என்று என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டான்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு வந்ததும் பையன் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டான். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூறு படத்துக்கு மேல் எடுத்த இடம். பதினெட்டு நிமிடப் படக்காரனுக்கும் ஆசீர்வாதம் வேண்டுமே! அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. லைட்டுப் பெட்டியை மடியில் வைத்திருந்தவன் பாதியிலேயே வாந்தி எடுத்தான்.

வீடு நாகலூர் பக்கம். களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்தது. உள்ளே போனால் திண்ணையை நடுவில் வெட்டி ஒரு செங்கல் சுவர், பூச்சுகூட இல்லை. இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். படத்துக்குத் தோதாக இருக்கிறதே என்று பையனுக்கு ஒரே சந்தோஷம்.

ஹெட்போனை மாட்டினால் சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி சீரியல்தான் கேட்கிறது. "கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுங்களா?" என்று பெரியவரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் விளையாடிய பேத்தியிடம், "டிவியைக் குறைக்கச் சொல்லு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை, குழந்தையும் கேட்கவில்லை. அது கிளம்புமுன்னே டிவி நின்றது. சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "வந்தவங்களுக்கு டீ கொடுத்தாச்சான்னு கேளு." இதுவும் குழந்தைக்குத்தான்.

அன்றைக்கு எடுத்த காட்சியில் தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்து, "பத்து வருசமா என் ஞாபகமே வரலையா?" என்று அழ வேண்டும். நடித்த பையன்கள் நன்றாகத்தான் அழுதார்கள். பெரியவரின் மனைவி அடுப்படிக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டேக்கில் பொறுக்காமல், "பேசாதவங்க இவ்வளவு பேசுவாங்களா சாமி?" என்றார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து அந்தக் காட்சியின் வசனத்தை ஒரு வரி விடாமல் வெட்டினான். படத்திலேயே உருப்படியான காட்சி இப்போது அதுதான்.

எனக்குத்தான் அந்தக் கேள்வி தைத்துக்கொண்டது. என் அக்காவுக்கு 1987-ல் கல்யாணம். பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 1989-ல்; அதற்கு முன்னே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடமில்லை. அதையே பிடித்துக்கொண்டு வீட்டில் பேச்சை முடித்துவைத்திருந்தோம். 2005-ல் மத்திய சட்டத்தைத் திருத்தியதும் அந்தச் சாக்கும் போனது. அப்படியும் நான், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினேன். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டது. பேனாவை மூடி, என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. அதோடு சரி.

படம் முடிந்து மூன்றாவது வாரம் அம்மாப்பேட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், கேமரா நான்தான். குடும்ப போட்டோவுக்கு அக்கா ஓரத்தில் வந்து நின்றது. தலை பாதி நரைத்திருந்தது. ஃப்ரேமுக்குள் வரவில்லை.

"அந்தம்மாவை ஒரு அடி உள்ளே தள்ளி நிக்கச் சொல்லுடா" என்றேன் உதவியாளனிடம்.

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவன் கேட்டான்: "யாருண்ணா அவங்க? அப்படியே உங்க ஜாடை."