பழைய பத்துச் சக்கர லாரிக்குச் செலவு செய்வதா, புதிய பி.எஸ்.6 வண்டிக்குக் கடன் வாங்குவதா?

தாழையூத்து லாரிக்காரர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். லாரித் தொழிலில் இருக்கும் அண்ணாச்சிமார்களிடமும் பட்டறை நடத்துபவர்களிடமும் ஒரு முடிவுக்காக ஆலோசனை கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது 2014-இல் பதிவான பத்துச் சக்கர லாரி, பி.எஸ்.3 வகை (பி.எஸ். என்பது புகை மாசுக்கு அரசு வைத்திருக்கும் பாரத் ஸ்டேஜ் தர எண்). கடன் எப்போதோ அடைந்துவிட்டது. தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்தில் கொண்டுபோய் இறக்குவதுதான் வழக்கமான ஓட்டம். திரும்பும்போது லோடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அந்த வாடகை டீசலுக்குத்தான் காணும். மாதத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் அதை நல்ல மாதம் என்றே சொல்ல வேண்டும். ஆலை வாசலில் வரிசையில் கிடக்கும் நாள்களையும், கேரளத்தில் மழை வலுத்துக் கட்டட வேலை நின்றுபோகும் ஆனி, ஆடி மாதங்களையும் கழித்தால் அதற்கு மேல் ஓட வழியில்லை.

சில மாதங்களாக எஞ்சினில் ஆயில் குறைகிறது. புளியரை எஸ் வளைவில் பாரத்தோடு ஏறும்போது நீலம் கலந்த புகை வருகிறது. எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதோடு கேபின் தகர வேலை, பின் ஸ்பிரிங் பட்டைக் கட்டு, நான்கு டயர், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கான வேலை ஆகியவற்றையும் சேர்த்தால் 5 லட்சம் ரூபாய் வரை போகும் என்று தோன்றுகிறது. எட்டு ஆண்டு கடந்த வண்டி என்பதால் எஃப்.சி.யும் ஆண்டுதோறும் காட்ட வேண்டியிருக்கிறது.

புதிய வண்டி விசாரித்ததில், சேசிஸ் எடுத்து, பாடி கட்டி, பதிவும் இன்சூரன்சும் முடித்து ரோட்டில் இறக்க 40 லட்சத்தை ஒட்டி வருகிறது. 32 லட்சம் கடன் தருவதாகச் சொல்கிறார்கள்; வட்டி பத்தரை சதவீதம், அறுபது மாதத் தவணை, மாதம் சுமார் 68,800 ரூபாய். டீசல், டயர், சுங்கம், டிரைவர் படி எல்லாம் ஏறியிருக்கும் அளவுக்கு டன் வாடகை ஏறவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த நிலையில் எது சரி? பி.எஸ்.6 வண்டியின் பராமரிப்பு, பேசிக்கொள்ளும் அளவுக்குச் செலவு வைக்குமா?

பேட்டைப் பட்டறை:

அண்ணாச்சி, எஞ்சினை இறக்குவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். ஆயில் குறைந்து நீலப்புகை வந்தால் ரிங் தேய்மானம் ஒரு காரணம்; எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ சார்ஜரின் சீல் போயிருந்தாலும் இதே அறிகுறிதான் காட்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் தேங்கியிருப்பது கையில் ஒட்டும். கம்ப்ரஷன் சோதனை எடுத்து, ஆறு சிலிண்டரும் ஓரளவு சமமாக நின்றால், டர்போ வேலையோடு முடிய வாய்ப்பிருக்கிறது. இந்தச் சோதனைகளைச் செய்யாமல் யாரும் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பி.எஸ்.6 குறித்துக் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் இந்த விதி வந்தபோது பி.எஸ்.5 என்ற படியையே தாண்டிவிட்டார்கள், ஆகவே பி.எஸ்.3-இல் கை பழகிய பட்டறைக்கும் உரிமையாளருக்கும் மாற்றம் ஒரே அடியில் வந்தது. டீசலில் இருக்கும் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10 பி.பி.எம்.மாகக் குறைக்கப்பட்டது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பும், அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்களும் சேர்ந்தன. உங்கள் வண்டியில் பம்ப்பையும் நாசிலையும் திருநெல்வேலியிலேயே கழற்றிச் சரிசெய்துவிடலாம். புதிய வண்டியில் லேப்டாப்பை இணைத்துப் பிழைக் குறியீட்டைப் படிக்காமல் ஸ்பானரைத் தொட முடியாது. சென்சார் போனால் பழுது பார்ப்பது என்ற பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஆயினும், நான் பார்க்கும் பெருஞ்செலவுகளில் பாதிக்கு மேல் வண்டியின் குற்றம் இல்லை. வைத்திருக்கும் முறைதான் காரணம். ஆட்புளூ என்பது எஸ்.சி.ஆர். வேலை செய்வதற்காகப் புகையில் தெளிக்கப்படும், தூய நீரில் 32.5 சதவீதம் யூரியா கலந்த கரைசல். நூறு லிட்டர் டீசலுக்கு நான்கைந்து லிட்டர் போகும். அந்தச் செலவை மிச்சப்படுத்த உரக்கடை யூரியாவைக் குடத்தில் கரைத்து ஊற்றியவர்களின் வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. நம் நாட்டில் வயலுக்கு விற்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயும் மற்ற மாசுகளும் எஸ்.சி.ஆர். வினையூக்கியைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட ஒரு வண்டியில் ஆட்புளூ தெளிக்கும் நாசிலைக் கழற்றியபோது, தூத்துக்குடி உப்பளத்து வரப்போரம் பூத்திருப்பதைப் போல வாய் முழுவதும் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் கொத்தித்தான் எடுக்க முடிந்தது. நாசில், பம்ப், சென்சார் என வரிசையாக மாற்றி முடித்தபோது, மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பல மடங்கு போய்விட்டது.

எஞ்சின் ஆயிலிலும் இதே கவனம் வேண்டும். சி.கே.4 தரம், அதாவது சாம்பல் குறைவாக விடும் ஆயில், என்று குறித்திருக்கும் இடத்தில் பழைய தர ஆயிலை ஊற்றினால் சாம்பல் டி.பி.எஃப்.பில் படியும். கரியை எரித்து வெளியேற்றலாம், சாம்பல் எரியாது. உங்கள் ஓட்டத்தில் மலையேற்றம் இருப்பதால் புகைக்குழாய் நன்றாகச் சூடேறும், அது டி.பி.எஃப்.புக்கு நல்லது. ஆலை வரிசையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் கெடுதல்.

அம்பைக் கணக்கு:

வணக்கம் அண்ணாச்சி. எங்கள் வீட்டு வண்டிகளின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். நீங்கள் மாதத் தவணையாகவே யோசிக்கிறீர்கள். அதைக் கிலோமீட்டராக மாற்றிப் பார்த்தால் விடை தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

68,800 ரூபாய்த் தவணையை 4,000 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு 17 ரூபாய் 20 காசு. இதே வண்டி 8,000 கிலோமீட்டர் ஓடினால் 8 ரூபாய் 60 காசுதான். டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு டீசல் 23 ரூபாய். அதாவது, உங்கள் ஓட்டத்தில் தவணையானது டீசலில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்தப் பாரத்தைச் சிமெண்ட் வாடகை தாங்காது. பழைய வண்டிக்கு 5 லட்சம் செலவிட்டு மூன்று ஆண்டு ஓட்டினால், அந்தச் செலவு கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்குள் அடங்கும். இடையில் வரும் சில்லறைப் பழுதுகளுக்கு இன்னும் மூன்று ரூபாய் சேர்த்தாலும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை.

மூன்று ஆண்டு என்று நான் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. உங்களுடையதைப் போல இரண்டு ஆக்சிலுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு, வெளிமாநிலங்களிலும் ஓட்ட அனுமதிக்கும் நேஷனல் பெர்மிட் பதினைந்து ஆண்டு வரைதான். கேரள ஓட்டத்தை நம்பியிருக்கும் உங்களுக்கு 2029 என்பது எல்லைக்கோடு.

கட்டாய இன்சூரன்சில் பழசு, புதுசு என்ற வேறுபாடு இல்லை. மூன்றாம் நபர் பிரீமியம், வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடையை வைத்துத்தான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையான பொதுச் சரக்கு வண்டிக்கு 43,950 ரூபாய், வரி தனி. ஆண்டுக்கு 48,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இதுவே கிலோமீட்டருக்குத் தொண்ணூறு காசுக்கு மேல். வண்டி நின்றாலும் ஓடினாலும் இது ஏறிக்கொண்டே இருக்கும்.

ஜி.எஸ்.டி. குறைந்ததைச் சொல்லிப் புதிய வண்டி எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கும் டயருக்கும் 28 சதவீதம் 18 ஆனது உண்மை. 30 லட்சம் அடிப்படை விலைக்கு 3 லட்சம் குறைகிறது, அது நல்ல செய்திதான். ஆனால் முழு வரி கட்டிப் பில் போடும் பெரிய டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்கின்றன. புக்கிங் ஆபீசுக்கு வண்டியை வாடகைக்கு விடும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வழி கிடையாது. கட்டிய 18 சதவீதமும் நம் தலையில்தான் நிற்கும். ஒரே வண்டி, ஒரே விலை, ஆனால் அடக்கச் செலவு இருவருக்கும் வேறு. வாடகைப் போட்டியில் ஒற்றை வண்டிக்காரர் பின்தங்குவதற்கு இதுவும் காரணம் என்பதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வருமான வரியிலும் ஒன்று கவனியுங்கள். பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கான உத்தேச வருமான முறையில், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். 28.5 டன் வண்டிக்கு மாதம் 28,500 ரூபாய். கடன் வட்டியையும் தேய்மானத்தையும் அதில் தனியே கழிக்க முடியாது. புதிய வண்டி எடுத்தால், முறையான கணக்கு எழுதித் தணிக்கை செய்து 30 சதவீதத் தேய்மானத்தைக் காட்டுவது நல்லதா என்பதைத் தவணை தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வள்ளியூர் டிப்பர்:

அம்பைச் சகோதரியின் கணக்கு சரியானது. ஆயினும் அதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. முதலாவது ஏற்றும் எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியபோது பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. 25 டன்னுக்குப் பதிவான வண்டியோடு 28.5 டன் வண்டி போட்டியிடும்போது, ஒரு நடைக்கு மூன்று டன் வரை வித்தியாசம். டன் கணக்கில் வாடகை பேசும் சிமெண்டில் இது சிறிய தொகை இல்லை. பழைய வண்டியில் அந்த மூன்று டன்னைத் திணித்துச் சமாளிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம், பாரத்தையும் அங்கேயே இறக்க வேண்டும்.

இரண்டாவது, டிரைவர். பழைய கேபினில் சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்ட இன்றைய பிள்ளைகள் வருவதில்லை; அதில் நியாயமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். அதனால் விலை கூடியது என்று குறைப்படுபவர்கள் உண்டு. என் மனசுக்கு, லாரி விலை ஏறியதற்கான காரணங்களில் முழு மனதோடு ஏற்கக்கூடியது அது ஒன்றுதான். ராத்திரி முழுவதும் கண் விழித்து ஓட்டுபவருக்கு அந்த வசதி உயிர்க் காப்பு.

பி.எஸ்.6 பராமரிப்பில் பட்டறைக்காரர் சொன்னதை என் அனுபவமும் சொல்கிறது. கல்குவாரியிலிருந்து கிரஷருக்குக் குறைந்த தூரம், குறைந்த வேகம். டி.பி.எஃப். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை வேகத்தில் ஓடவிட்டுக் கரியை எரிக்க வேண்டும். அதை டிரைவர் தள்ளிப்போட்டால் எஞ்சினின் இழுவை தானாகவே குறைக்கப்பட்டுவிடும். என் வண்டியில் அப்படி ஆகி, பாரத்தோடு ஏற்றத்தில் நின்றது. இப்போது நாங்குநேரி வரை நான்கு வழிச்சாலையில் போகும் நடைகளையும் இடையிடையே கொடுக்கிறேன். விளக்கு எரிவது குறைந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வாடகை. வண்டி விலையைக் குறைக்க நம்மால் ஆகாது. ஆனால் ஒப்பந்தத்தில் டீசல் விலையை வாடகையோடு கட்டும் ஒரு வரியை எழுதச் சொல்ல நம்மால் முடியும். டீசல் இவ்வளவு ஏறினால் வாடகை இவ்வளவு ஏறும், இறங்கினால் இறங்கும் என்று பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் போடுகின்றன. தனித்தனியாகத் தரகரிடம் கை நீட்டும்வரை நமக்கு அந்த வரி கிடைக்காது. தாழையூத்தில் ஏற்றும் ஒற்றை வண்டிக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். கேட்பவர்களில் ஒருவராக நீங்களும் நில்லுங்கள் அண்ணாச்சி.

தாழையூத்து லாரிக்காரர்:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. டர்போ குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஆயில் தேங்கியிருந்தது. கம்ப்ரஷன் சோதனைக்கு வண்டியை விட்டிருக்கிறேன். சகோதரி சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு, என் ஓட்டத்துக்குப் புதிய வண்டியின் தவணை பொருந்தாது என்பது உறுதியாகிவிட்டது. 2029 வரை இதையே ஓட்டலாம் என்று இருக்கும்போது, சங்ககிரியில் 2021 மாடல் பி.எஸ்.6 வண்டி ஒன்று, பாதிக்கும் குறைந்த விலையில் இருப்பதாகத் தரகர் சொல்கிறார். அப்படி ஒரு வண்டியை எடுப்பதானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பேட்டைப் பட்டறை:

அந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால், முதலில் சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள் அண்ணாச்சி. டி.பி.எஃப். ஒழுங்காக இருக்கும் வண்டியில் குழாயின் உட்புறம் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். விரலில் கரி அப்பிக்கொண்டு வந்தால், வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு வெறுங்கூட்டை மாட்டியிருக்கிறார்கள். அதை மறைக்க வயரிங்கில் ஏமாற்றுப் பெட்டி ஒன்றைச் சொருகுவதும் உண்டு. ஆட்புளூ டாங்க் காலியாக இருந்தும் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். திரும்ப அதை ஒழுங்காக்க ஆகும் செலவை விலையில் கழிக்காமல் அந்த வண்டியைத் தொடக் கூடாது.

பிறகு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். அதில் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரும் மீட்டரில் தெரிவதும் பொருந்த வேண்டும். ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீடுகளையும் டி.பி.எஃப். சாம்பல் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் காலாண்டு வரி, எஃப்.சி., நிலுவை அபராதம், கடன் பதிவு நான்கையும் பார்த்துவிடலாம். பைனான்ஸ் இருந்தால், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் ஆட்சேபணை இல்லைச் சான்றான என்.ஓ.சி.யும் கைக்கு வரும்வரை, தரகர் என்ன அவசரம் காட்டினாலும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உங்கள் கம்ப்ரஷன் சோதனையின் எண்களையும் இங்கே போடுங்கள். டர்போ மட்டும்தான் என்றால், சங்ககிரிப் பயணத்துக்கே தேவை இருக்காது.