டைமர் அணைந்த பிறகும் ரேடியேட்டர் சுடுகிறது: பாய்லர் வயரிங்கில் என்ன தப்பு?

குளிர்தாங்காதவன்

வணக்கம். லண்டன் கிராய்டனில் பழைய வீடு ஒன்று வாங்கிப் போன மாதம்தான் குடிவந்தோம். சமையலறைச் சுவரில் கேஸ் காம்பி பாய்லர்; அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் அது ஒன்றுதான். டைமர் இல்லை, ஹாலில் அறைச் சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் இல்லை. முகப்பில் இருக்கும் குமிழைத் திருப்பினால் ஹீட்டிங் ஓடும். அணைக்க மறந்தால் விடியும்வரை ஓடும். முதல் பில்லைப் பார்த்த கையோடு வட்டத் தட்டு வைத்த டைமர் ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். ஊரில் கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாட்டிய தைரியம்தான்.

டைமருக்குக் கரண்ட், கெட்டில் போடும் சாக்கெட்டிலிருந்து எடுத்தேன். எல் (லைவ்), என் (நியூட்ரல்) தவிர 1, 2, 3 என்று மூன்று முனைகள் இருக்கின்றன. 1-ல் ஒரு வயர், 2-ல் ஒரு வயர். அவற்றின் மறுமுனைகளைப் பாய்லரில் எல்எஸ், எல்ஆர் என்று எழுதிய இடத்தில் முடுக்கினேன். காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 10. டைமரின் சிவப்பு விளக்கு நேரத்துக்கு எரிகிறது, அணைகிறது. ஹீட்டிங் மட்டும் நிற்பதே இல்லை. நள்ளிரவில் ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. டைமரை மாற்றி வாங்கட்டுமா?

ஈஸ்ட்ஹாம்வாசி

எதற்கு இந்தத் தலைவலி? பாய்லருக்குக் கரண்ட் போகிற இடத்திலேயே டைமரைப் போட்டுவிடுங்கள். நேரம் முடிந்தால் மொத்தமாக அணைந்துவிடும்.

பழைய வயர்மேன்

அப்படிச் செய்யாதீர்கள். பாய்லருக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். தீ அணைந்த பிறகும் உள்ளே தங்கிய சூட்டை வெளியே தள்ள பம்ப் சில நிமிடம் ஓடும். கடுங்குளிரில் தண்ணீர் உறையாமல் காப்பதும் அதே கரண்ட்தான். தவிர, டைமர் அணைந்திருக்கும் நேரத்தில் குழாயில் சுடுதண்ணீரும் வராது.

இப்போது உங்கள் விஷயம். டைமர் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். எல்எஸ்ஸில் பாய்லரே கரண்ட்டை வெளியே தருகிறது. அது எல்ஆர் வழியாகத் திரும்பி வந்தால் "ஹீட்டிங் வேண்டும்" என்று பொருள். டைமர் இல்லாத வீட்டில் எப்படி ஓடியது? அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கம்பெனியிலேயே ஒரு குட்டி வயர் போட்டு அனுப்புவார்கள். அதை நீங்கள் கழற்றவில்லை என்று நினைக்கிறேன். அது இருக்கும்வரை டைமர் என்ன செய்தாலும் பாய்லர் கண்டுகொள்ளாது.

அதைவிடப் பெரிய விஷயம் கெட்டில் சாக்கெட். உங்கள் டைமர் பெட்டிக்குள் இப்போது இரண்டு இடத்துக் கரண்ட் இருக்கிறது. சாக்கெட் பக்கத்தை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தாலும் 1, 2 இரண்டிலும் பாய்லரிலிருந்து வரும் 230 வோல்ட் உயிரோடு நிற்கும். நாளைக்கு வேறு யாராவது திறப்பார், பாவம். பாய்லர் எந்த 3 ஆம்ப் ஃப்யூஸ் ஸ்பரிலிருந்து (ஃப்யூஸும் சுவிட்சும் உள்ள இணைப்புப் பெட்டி) கரண்ட் எடுக்கிறதோ, டைமரும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரே சுவிட்சை அணைத்தால் இரண்டும் செத்துவிட வேண்டும்.

ஒரு கேள்வி: டைமருக்குள் எல்லிலிருந்து 1-க்கு இணைப்பு ஏதாவது போட்டீர்களா?

குளிர்தாங்காதவன்

இல்லை அண்ணா. சாக்கெட் விஷயம் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எல்லாவற்றையும் அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு, டைமரை ஸ்பருக்கு மாற்றிவிட்டேன். குட்டி வயர் இருந்தது, கழற்றினேன்.

இப்போது புதுக் கூத்து. விளக்கு எரியும்போது பாய்லர் சும்மா இருக்கிறது. விளக்கு அணைந்ததும் ஓடுகிறது!

பழைய வயர்மேன்

நல்ல செய்திதான். ஒரு தப்பு இன்னொன்றை மூடி வைத்திருக்கிறது. உங்கள் டைமரில் 1 பொதுமுனை. 2 அணைந்திருக்கும்போது சேர்வது, 3 எரியும்போது சேர்வது போலிருக்கிறது. 2-ல் இருப்பதை 3-க்கு மாற்றுங்கள். ஆனால் என் பேச்சை நம்பி மாற்ற வேண்டாம். மூடியின் உள்பக்கம் சின்னப் படம் இருக்கும், அதைப் பாருங்கள். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எல்லிலிருந்து 1-க்கு இணைப்பு போடாதது நல்லதாயிற்று. சில பாய்லர்களில் இந்தக் கட்டுப்பாட்டு முனை 24 வோல்ட்தான். அதில் 230 போனால் போர்டு காலி. உங்கள் பாய்லரின் மேனுவலிலும் எல்எஸ் 230 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டு கோர் கேபிளில் நீல வயரையும் லைவுக்குத்தான் ஓட்டியிருப்பீர்கள். அதன் இரு முனையிலும் பழுப்பு ஸ்லீவ் போடுங்கள். நீலம் என்றால் நியூட்ரல் என்று நினைத்து யாரும் தொடக்கூடாது.

ஹாரோ அக்கா

தம்பி, வயர் முடுக்கும் இடத்துக்குப் போக எதைக் கழற்றினீர்கள்? கீழே தொங்கும் கன்ட்ரோல் பெட்டி மட்டும் என்றால் சரி. தீ எரியும் அறையை அடைத்து நிற்கும் முன்மூடியைக் கழற்றியிருந்தால், கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பதிவுள்ளவரைக் கூப்பிட்டுச் சோதித்த பிறகு ஓட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு வாசனை கிடையாது. அலாரம் வைத்திருக்கிறீர்களா?

குளிர்தாங்காதவன்

கன்ட்ரோல் பெட்டி மட்டும்தான் அக்கா, இரண்டு ஸ்க்ரூ. முன்மூடியைத் தொடவில்லை. அலாரம் இல்லை, இன்று மாலையே வாங்குகிறேன்.

வீட்டம்மா ஒரு சந்தேகம் கேட்கிறார்: டைமர் அணைந்திருக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டச் சுடுதண்ணீர் வருமா?

பழைய வயர்மேன்

வரும். காம்பியில் குழாயைத் திறந்து தண்ணீர் ஓடினாலே பாய்லர் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்த டைமர் ரேடியேட்டருக்கு மட்டும். தண்ணீர்த் தொட்டி வைத்த பழைய முறை வேறு கதை. அதற்கு ரேடியேட்டருக்கு ஒன்று, சுடுதண்ணீருக்கு ஒன்று என இரண்டு சேனல் டைமர் வேண்டும்.

காசு சேர்ந்ததும் ஹாலில் ஒரு ரூம் தெர்மோஸ்டாட் போடுங்கள். 3-லிருந்து எல்ஆருக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி அதன் வழியாக விட்டால் போதும். நேரமும் ஆக வேண்டும், குளிரவும் வேண்டும்; அப்போதுதான் தீ எரியும். பில் குறைவது அதில்தான்.

குளிர்தாங்காதவன்

படத்தில் நீங்கள் சொன்னபடியே இருந்தது. 3-க்கு மாற்றினேன். இன்று காலை 6 மணிக்கு டக்கென்று பிடித்தது. 8 மணிக்குத் தீ நின்றது. உள்ளே ஏதோ தொடர்ந்து முனகியதும் மறுபடி தப்போ என்று பயந்தேன். நான்கு நிமிடத்தில் அதுவும் அடங்கியது. பம்ப்!

ஹாரோ அக்கா

தட்டு டைமர் என்றால் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும்போது நீங்கள்தான் திருப்பி வைக்க வேண்டும், தம்பி. எங்கள் வீட்டில் போன வருடம் ஒரு வாரம் காலை 5 மணிக்கே வெந்துகொண்டிருந்தோம்.