பேப்பரில் பேர் வராத ஆட்கள்: பர்மா பத்திரிகை வேலையில் நமக்கு நடந்தது

பக்கம் கட்டியவன், யாங்கோன்

பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்சு வந்தால் ஆசிரியரையும் நிருபரையும் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். சரிதான், ஜெயிலுக்குப் போனவர்கள் அவர்கள். ஆனால் நம் தமிழ் ஆட்களில் நிருபராக இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. பக்கம் கட்டுவது, பிளேட் போடுவது, மெஷின் ஓட்டுவது, கட்டுகளை பஸ்ஸில் ஏற்றுவது, விளம்பரம் பிடிப்பது என்று பின்னால் நின்றவர்கள்தான் அதிகம். நம் பேர் எந்தப் பக்கத்திலும் வராது. ஆனால் ஒரு பத்திரிகைக்குப் பூட்டுப் போட்டால் முதலில் அடுப்பு அணைவது நம் வீட்டில்தான். அப்படி வேலை பார்த்தவர்கள் நடந்ததை இங்கே எழுதுங்கள். கம்பெனி பேர், ஆள் பேர் வேண்டாம். ஊரில் குடும்பம் இருக்கிறது.

நானே தொடங்குகிறேன். தனியார் யாரும் தினசரி நடத்தக் கூடாது என்றிருந்த காலம். வார ஜர்னல் மட்டும்தான். கட்டி முடித்த பக்கங்களை அச்சுக்கு முன்னால் சென்சார் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சிவப்பு மை பட்டுத் திரும்பி வரும். சில நாள் ஒரு வரி, சில நாள் பக்கத்தில் பாதி. இதில் கொடுமை என்னவென்றால், வெட்டிய இடத்தை வெறுமையாகவும் விடக் கூடாது. வெட்டினார்கள் என்பது வாசகனுக்குத் தெரியக் கூடாதாம். அதனால் என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் எப்போதும் நிரம்பியே இருக்கும்: சர்க்கரை நோய்க்குப் பாகற்காய், கண்ணுக்குக் கீரை, ஆங்கிலக் கால்பந்து, ராசிபலன். மூன்று அங்குலத்துக்கு ஒன்று, ஐந்து அங்குலத்துக்கு ஒன்று என்று அளவு வாரியாக வைத்திருப்பேன். பழகின வாசகர்கள் கெட்டிக்காரர்கள். அரசியல் பக்கத்து நடுவில் பாகற்காய் வந்தால், அங்கே ஏதோ போயிருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் காலத்து வேலையில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான். 2010 நவம்பரில் ஆங் சான் சூச்சியை வீட்டுக் காவலிலிருந்து விட்டபோது, ‘ஃபர்ஸ்ட் லெவன்’ விளையாட்டு ஜர்னல் முதல் பக்கத்தில் மூன்று ஆங்கிலக் கால்பந்துச் செய்திகளைத் தலைப்பாகப் போட்டது. சண்டர்லாண்ட், செல்சி, ஆர்சனல் என்று பார்த்தால் வெறும் பந்து விளையாட்டு. சில எழுத்துகள் மட்டும் வேறு நிறம். அதை மட்டும் சேர்த்துப் படித்தால், சூ விடுதலை, ஒன்றுபடுங்கள், நம்பிக்கையைக் கைப்பற்ற முன்னேறுங்கள் என்று வரும். சென்சாருக்குக் கறுப்பு வெள்ளைப் பிரதிதான் போனது என்று எங்கள் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். ஜர்னலுக்குக் கொஞ்ச நாள் தடை. அது நிருபர் மூளையா ஆசிரியர் மூளையா, யாருக்குத் தெரியும். ஆனால் நிறம் கொடுத்த கை எங்களைப் போலப் பக்கம் கட்டுகிற ஒருவன் கை.

2012 ஆகஸ்ட் 20 அன்று முன்தணிக்கை எடுபட்டது. ஆபீசில் கை தட்டல் எல்லாம் இல்லை. எங்கள் ஆசிரியர் என் மேசைக்கு வந்து, “அந்த ஃபோல்டரை அழித்துவிடாதே” என்றார். அவ்வளவுதான்.

மோல்மேன் ஏஜென்ட்

அண்ணே, நீங்கள் யாங்கோனிலிருந்து பார்த்ததைச் சொன்னீர்கள். பஸ் வந்து நிற்கிற பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

2013 ஏப்ரல் 1. தனியார் தினசரிகளுக்கு அனுமதி. முதல் நாள் நான்கு பேப்பர் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் தனியார் தினசரி என்று வயசானவர்கள் எல்லாம் கடைக்கே வந்து நின்றார்கள். பார்சல் சணலை அறுப்பதற்குள் கையை நீட்டுகிறார்கள். அந்த மாதம் நான் சம்பாதித்ததை வைத்து ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினேன்.

அப்புறம் கதை மாறியது. அரசாங்கப் பேப்பர் விலை கம்மி, தனியார் பேப்பர் விலை அதைவிட அதிகம், பக்கம் குறைவு. யாங்கோனில் காலையில் படிக்கிற செய்தி எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குத்தான் வரும். ரிட்டன் எடுக்க மாட்டோம் என்று சில கம்பெனிகள் கையை விரித்துவிட்டார்கள். விற்காத பேப்பர் ஏஜென்ட் தலையில். பஜ்ஜிக் கடைக்காரர்தான் நிரந்தர வாடிக்கையாளர்.

2014இல் வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்து சிம் கார்டை 1500 சாட் பர்மியப் பணத்துக்குக் கொடுத்தான். அதற்கு முன்னால் ஒரு சிம் வாங்க நகையை அடகு வைக்க வேண்டும். ஒரே வருஷத்தில் ரிக்ஷாக்காரர் கையில் ஃபேஸ்புக். பேப்பர் வரும் முன்னாலேயே செய்தி பழசாகிவிடும். ஆக, நம் வேலையைப் பறித்தது ராணுவம் மட்டும்தான் என்று எழுதினால் அது முழு நிஜம் இல்லை. பாதி ஏஜென்டுகள் 2020 கொரோனாவுக்கு முன்னாலேயே மூட்டை கட்டிவிட்டோம். மிச்சம் இருந்ததை 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது முடித்து வைத்தது. மார்ச் 17 அன்று ‘ஸ்டாண்டர்ட் டைம்’ நின்றதோடு நாட்டில் ஒரு தனியார் தினசரியும் இல்லை. 2013 ஏப்ரல் 1 அன்று வந்த நான்கில் அதுவும் ஒன்று. பிறந்ததையும் பார்த்தேன், போனதையும் பார்த்தேன்.

நிருபர் தங்கச்சி, மே சோட்

அண்ணன்களே, குறைவு என்று சொன்னீர்களே, அந்தக் குறைவில் நான் ஒருத்தி. படித்தது பர்மிய மொழியில், எழுதியதும் அதில்தான். வீட்டில் மட்டும் தமிழ்.

முதலில் ஒன்று. சூச்சி அரசாங்கத்தில் நிம்மதியாக இருந்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். ராக்கைனில் இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிஞ்சா ஆண்களைக் கொன்றதைத் தோண்டிய ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரையும் 2017 டிசம்பரில் பிடித்து, 2018இல் 7 ஆண்டு போட்டது அந்தக் காலத்தில்தான். 2019 மே மாதம் பொது மன்னிப்பில்தான் வெளியே வந்தார்கள். என் ஆபீசிலேயே சிலர் அவர்களைத் துரோகி என்றார்கள். என்னை ராக்கைன் பக்கம் அனுப்பச் சொல்லிப் பல முறை கேட்டேன். ஆசிரியர் என் முகத்தைப் பார்ப்பார், வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நம் நிறத்தையும் மூக்கையும் பார்த்தால் அங்கே யாரும் “தமிழா?” என்று கேட்க மாட்டார்கள். இந்திய முகத்துக்காரர்களை இழிவாகச் சொல்கிற ‘கலா’ என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுவார்கள். அவர் என்னைக் காப்பாற்றினார் என்று அம்மா சொல்வாள். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

2021 பிப்ரவரி. ‘ஆட்சிக் கவிழ்ப்பு’, ‘ராணுவக் குழு’ என்றெல்லாம் எழுதினால் உரிமம் போகும் என்று தகவல் அமைச்சகம் எச்சரித்தது. நான் இருந்த இடத்தில் நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டது. மேனேஜர் கையில் ஒரு தாள். அதில் எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் என்று இரண்டு வரிசையில் டைப் செய்திருந்தது. படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆதாரம் வைக்க மாட்டார்களாம். அன்று சாயங்காலமே நாங்கள் சிலர் ராஜினாமா எழுதினோம். பத்திரிகைக் கவுன்சில் உறுப்பினர்கள் பலரும் அந்த மாதம் விலகினார்கள்.

பிப்ரவரி 14 அன்று தண்டனைச் சட்டத்தில் 505ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பயம் உண்டாக்கினாய், பொய்ச் செய்தி பரப்பினாய் என்று 3 ஆண்டு வரை உள்ளே வைக்கலாம். மார்ச் 8 அன்று மிஸிமா, டிவிபி, கிட் திட், மியான்மர் நவ், 7டே நியூஸ் என்று ஐந்துக்கும் ஒரே நாளில் உரிமம் ரத்து. ஊர்வலத்தில் ‘பிரஸ்’ என்று எழுதின ஹெல்மெட்டை முதலில் பெருமையாகப் போட்டோம். குறி பார்ப்பதற்கு அதுதான் வசதி என்று தெரிந்ததும் கழற்றி வீசிவிட்டுச் சாதாரண லுங்கியில் கூட்டத்தோடு நின்றோம். ஏப்ரலில் இரவு எட்டு மணிச் செய்தியில் தேடப்படுகிறவர்கள் படங்களை வரிசையாகக் காட்டுவார்கள். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து பார்ப்பார், நான் சமையல்கட்டில் நிற்பேன். என் படம் வரவில்லை. கூட வேலை பார்த்தவள் படம் வந்தது. அந்த வாரமே கிளம்பிவிட்டோம்.

இப்போது மோய் ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாய்லாந்தில். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் எங்களைப் போல நாட்டுக்கு வெளியே இருந்து நடக்கிற செய்தி நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. எனக்குப் பாதிச் சம்பளம். மிச்சத்துக்கு ஒரு பர்மியக் கடையில் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பரிமாறுகிறேன். பத்திரிகைக்காரி என்று அங்கே யாருக்கும் தெரியாது, அது நல்லதுதான்.

பசுண்டவுன் பெரியவர்

நல்லா எழுதுறே தாயி. எல்லாரும் 2021 என்கிறீர்கள். எங்கள் வீட்டில் பத்திரிகை செத்தது 1966 முடிவில்.

‘ரசிக ரஞ்சனி’, ‘தொண்டன்’ என்று ரங்கூனில் தமிழ்ப் பேப்பர் வந்த காலம் ஒன்று இருந்தது. என் அப்பா ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். 1964இல் கடை கண்ணியெல்லாம் நாட்டுடைமை ஆனதும் நம் ஆட்கள் கப்பல் கப்பலாக மதராசுக்குப் போனார்கள். வாசகனும் போனான், விளம்பரம் கொடுத்த செட்டியார் கடையும் போனது. அப்புறம், பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் பேப்பர் நடத்தலாம் என்று உத்தரவு. தமிழ், உருது, இந்தி, சீனம் எல்லாம் ஒரே வெட்டு.

முதலாளி தமிழ் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டார். வாங்கினவர்கள் பசுண்டவுன் ஓடையில் வலை போடுகிற ஆட்கள். வலைக்கு ஈயக் குண்டு வேண்டுமே. நான் சின்னப் பையன், கூடை தூக்கினேன். ‘ழ’ எழுத்துப் பெட்டியை மட்டும் அப்பா கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்லத்தான் ஆசை. அப்படி ஒன்றும் இல்லை. எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், தன் பங்குக் கூலியை வாங்கிக்கொண்டார். மறு வாரம் ஒரு பர்மிய அச்சகத்தில் அரைச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். நாற்பது வயசுக்கு மேல் அந்த வட்ட எழுத்துகள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று புதிதாக மனப்பாடம் செய்தார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் நாலு பேர் வளர்ந்தோம்.

அரசாங்க அச்சகத்தார் மகன்

திட்டுவீர்கள், திட்டுங்கள். என் அப்பா அரசாங்கப் பேப்பர் அச்சகத்தில் மெஷின் ஆள். 2021இல் வேலையை விட்டு வெளியே வராதவர்.

அரசு ஊழியர்கள் வேலையை விட்டு ராணுவத்தை எதிர்த்த ஒத்துழையாமை இயக்கமான சிடிஎம்மில் சேரவில்லை என்று தெருவில் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வரவில்லை. அவருக்கு இதயத்தில் கோளாறு, மருந்து அந்தச் சம்பளத்தில்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் தமிழ் வீடுகளில் எத்தனை பேர் ‘கியேமோன்’ என்ற அரசாங்கப் பேப்பரில் சாவு அறிவிப்புக் கொடுத்திருக்கிறோம்? அந்தப் பேப்பரை ஜனங்கள் வாங்கினதே அந்தப் பக்கத்துக்காகத்தான். அரசாங்கச் செய்தியை யார் படித்தார்கள்? பாட்டி செத்தால் அந்தப் பேப்பர் வேண்டும், அதை அடித்த ஆள் மட்டும் வேண்டாமா?

நிருபர் தங்கச்சி, மே சோட்

அண்ணே, உங்கள் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாவு அறிவிப்பும் எங்களைத் தேடுகிற பட்டியலும் ஒரே மெஷினில்தான் ஓடின. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர்களும் அதே அச்சகங்களில் இருந்தார்கள். அவர்களையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை.

மெஷின்மேன், கிள்ளான்

ஆஃப்செட் ஓட்டினேன். சுருக்கமாக எழுதுகிறேன், ஷிஃப்டுக்கு நேரமாச்சு.

மாட்டினால் நிருபர்தான் மாட்டுவார், நமக்கென்ன என்று நினைத்திருந்தோம். 2014இல் ஒரு வார ஜர்னல் வழக்கில் நிருபர்களோடு வெளியீட்டாளர்களுக்கும் 2 ஆண்டு போட்டார்கள். அதிலிருந்து எங்கள் முதலாளி பிளேட் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தானே படிக்க ஆரம்பித்தார். அரசாங்கம் சென்சாரை எடுத்தது, அச்சகம் சென்சார் வைத்தது. மனுஷனுக்கு அரசியலும் தெரியாது, பயத்தில் தலைவர் படம் இருந்தாலே நிறுத்துவார். மெஷின் சும்மா நிற்கும், மை காயும், டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

2021க்கு அப்புறம் கல்யாணப் பத்திரிகை, அம்மன் கோயில் நோட்டீஸ், மாத்திரைப் பெட்டி அட்டை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் ஹெல்பர் பையன்கள் ஒவ்வொருவராக மாயமானார்கள். எனக்கும் வயசு வரம்புக்குள்தான் இருந்தது. இப்போது இங்கே மலேசியாவில் பிளாஸ்டிக் கவர் அடிக்கிற மெஷின். பேப்பர் வாசனை இல்லை, சம்பளம் மட்டும் வருகிறது. பக்கம் கட்டின அண்ணே, உங்களுக்கு இப்போது என்ன வேலை?

பக்கம் கட்டியவன், யாங்கோன்

தம்பி, டியூஷன் சென்டர்களுக்கு நோட்ஸ் கட்டிக் கொடுக்கிறேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் கட்டி, இல்லாத நேரத்தில் தூங்குகிறேன். வின்இன்வா என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கிற ஃபைல்களை இப்போதைய யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றுகிற வேலையும் அவ்வப்போது வருகிறது. 2019இல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது பழைய ஜர்னல்களை யாரும் மாற்றி வைக்கவில்லை. மூடின கம்பெனிகளின் ஹார்ட் டிஸ்குகள் எங்கே என்றே தெரியவில்லை.

தங்கச்சி, உங்கள் ஆபீசில் பக்கம் கட்ட, படத்துக்கு எழுத்து போட ஆள் தேவைப்பட்டால் கேட்டுச் சொல்லுங்கள். என் பேர் போட வேண்டாம், இங்கே தடை செய்த தளங்களைப் பார்க்க உதவுகிற விபிஎன் வைத்திருந்தாலே செக்போஸ்டில் போனைப் பிடுங்குகிறார்கள். சம்பளம் பற்றி அப்புறம் பேசலாம். மெஷின்மேன் தம்பி, கிள்ளானில் அட்டைப்பெட்டி அச்சகம் ஒன்றில் நம் தாம்வே பையன் சூப்பர்வைசராக இருக்கிறான். தனியாக எழுது, நம்பர் தருகிறேன்.