ஜன்னல் எட்டாத ஆபீஸுக்குப் பசுஞ்சுவர் சரிப்படுமா?

கேள்வி: ஜன்னல் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 12 மீட்டர் உள்ள ஆபீஸ் தளம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல், மேல்விளிம்பு 2.7 மீட்டர் உயரம். ஜன்னலோரம் முழுக்க மேலாளர் அறைகள், உள்ளே குகை மாதிரி. பசுஞ்சுவர் (சுவர் முழுக்கச் செடி வளர்க்கும் அமைப்பு) வைத்தால் போதுமா? காற்றும் சுத்தமாகும் என்கிறார்களே?

பதில் 1: செடி அப்புறம், முதலில் அறைகளை நகர்த்துங்கள். ஜன்னல் மேல்விளிம்பு உயரத்தைப் போல ஏறக்குறைய 2 மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். உங்களுக்குச் சுமார் 5.4 மீட்டர். அதற்குள் மேசைகள், பின்னால் பிரிண்டர், ஸ்டோர், கூட்ட அறை. மேசைத் தடுப்பு 110 செ.மீ. தாண்டினால் உட்கார்ந்தவருக்கு வெளியே தெரியாது. ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள்: எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின் இருந்தால் திரையில் பளபளக்கும். இரண்டிலும் முடிவு ஒன்றே, எல்லாரும் பிளைண்டை இறக்கிவிடுவார்கள்.

பதில் 2: பசுஞ்சுவருக்குச் சொட்டுநீர்க் குழாய், வடிகால், நீர்புகாத் தகடு, தினம் 12 மணி நேர வளர்ப்பு விளக்கு எல்லாம் வேண்டும். எமிட்டர் (குழாயில் நீர் சொட்டும் துளை) அடைத்தால் மேல்வரிசை காயும். நீர் கீழே தேங்கினால் அடிவரிசை அழுகும். பராமரிக்க ஆள் இல்லையென்றால் தொட்டிச் செடிகளே மேல். ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட், மணி பிளான்ட் மங்கலான இடத்திலும் தாங்கும். மேல்மண் 3 செ.மீ. காய்ந்த பிறகே தண்ணீர். ஏசி காற்று நேராகப் படக்கூடாது.

பதில் 3: காற்று விஷயம்: செடி காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்கு எல்லாரும் காட்டும் 1989 நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. ஆபீஸில் காற்றைச் சுத்தமாக்கும் வேலை வென்டிலேஷனுடையது.