மறு: 'ஷேர்டு கவர்னன்ஸ்' – பகிர்வாட்சியா, கூட்டாளுகையா, வேறா?

குழுவினருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக முடிவுகளில் ஆசிரியர், நிர்வாகம், ஆட்சிக் குழு எல்லோருக்கும் இடமுண்டு என்கிற 'ஷேர்டு கவர்னன்ஸ்' முறைக்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் விவாத இழையை நேற்று இரவுதான் முழுதாகப் படித்தேன். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பதிலேயே பகல் போய்விடுகிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேராசிரியன் இல்லை, மொழியியலும் படித்தவன் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில், கூட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செனட் (பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக் குழு) கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, கையெழுத்து வாங்கிக் கட்டிவைப்பது, இதுதான் என் பிழைப்பு. ஆகவே எந்தச் சொல்லைக் கண்டாலும் ஒரே ஒரு சோதனைதான் வைப்பேன்: இதை நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாக எழுத முடியுமா?

திருவாரூர்த் தம்பி எழுதியது:
> ஷேர் என்றால் பகிர், கவர்னன்ஸ் என்றால் ஆட்சி. பகிர்வாட்சி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது தம்பி. எங்கள் ஊரில் பங்கு பிரித்தால் மறுநாளே நடுவில் வரப்பு விழும். அண்ணன் வயலில் தம்பி கால் வைக்க முடியாது. 'பகிர்வாட்சி' என்றதும் எனக்கு அந்த வரப்புதான் தெரிகிறது. பாடத்திட்டம் ஆசிரியருக்கு, பணம் துணைவேந்தருக்கு, கட்டடம் பொறியாளருக்கு என்று ஆளுக்கொரு பாகம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சொல்லால் சொல்வது அதை அல்ல.

அவர்கள் இதற்கு அடித்தளமாகக் காட்டுவது 1966ஆம் ஆண்டு அறிக்கையை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும், கல்வி நிறுவனங்களுக்கான பேரவை ஒன்றும், ஆட்சிக் குழுக்களின் சங்கமும் சேர்ந்து வகுத்தது. ஆசிரியர், நிர்வாகம், அறங்காவலர் என்று மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியதே ஒரு சேதிதான். பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆய்வு, ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றில் முதற்பொறுப்பு ஆசிரியருக்கு என்கிறது அது. கடைசி முடிவு ஆட்சிக் குழுவிடம்தான். ஆனால் ஆசிரியர் சொன்னதற்கு மாறாக அந்தக் குழு முடிவெடுப்பது அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும், எடுத்தால் காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இந்தக் 'காரணம் தெரிவித்தல்' என்ற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. கலிபோர்னியாவில் இதற்கும் முன்பே, 1920இல், பேராசிரியர்கள் சண்டை போட்டுத் தங்கள் ஆசிரியர் பேரவைக்குப் பாடங்கள் மீதும் பட்டத் தகுதிகள் மீதும் அதிகாரம் வாங்கிவிட்டார்கள்.

இதில் பாகப் பிரிவினை எங்கே? தண்ணீர் ஒன்றுதான். மதகைத் திறக்கிறவர் ஒருவர், ஆனால் கடைமடைக்காரனைக் கேட்காமல் மூடக்கூடாது, மூடினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

கும்பகோணம் அம்மா சொன்ன 'கூட்டாளுகை' இதைவிட நெருங்கி வருகிறது. 1966 அறிக்கையிலேயே 'கூட்டு முயற்சி' என்று தலைப்பிட்ட ஒரு பகுதி உண்டு. ஆனால் நம் காதில் 'கூட்டு' என்ற இடத்தை 'கூட்டாட்சி' பிடித்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. அதிலும் பல்கலைக்கழகம் என்று வரும்போது ஆபத்து கூடுதல். 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆளுநர்தான் வேந்தர். துணைவேந்தர் நியமனம் என்றாலே ஆளுநரா அரசா என்ற சண்டை. 'பல்கலைக்கழகத்தில் கூட்டாளுகை' என்று எழுதினால் படிக்கிறவர் மனம் நேரே டெல்லிக்கும் சென்னைக்கும் போய்விடும். வகுப்பறையில் நிற்கிற ஆசிரியர் கண்ணிலேயே படமாட்டார்.

'இணையாட்சி' வேண்டாம். பல்கலைக்கழகத்தில் 'இணை' என்பது படிநிலை. இணைப் பேராசிரியர் என்றால் பேராசிரியருக்கு ஒரு படி கீழே. இணைவேந்தர் என்றால் அமைச்சர்.

'பங்கேற்பு ஆளுகை' என்று வைக்கலாம் என மன்னார்குடி அம்மா நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

அகமதிப்பீட்டு மதிப்பெண் தொடர்பான விதி ஒன்றை மாற்றியிருந்தார்கள். துணைவேந்தருக்குச் சட்டத்தில் அவசர அதிகாரம் உண்டல்லவா, முதலில் செய்துவிட்டுப் பிறகு உரிய குழுவுக்குத் தெரிவிக்கலாம் என்று? அதைப் பயன்படுத்தி ஆணை போட்டாயிற்று. பிறகு கல்விசார் நிலைக்குழுவுக்குப் 'பின்னேற்பு', அதாவது செய்து முடித்ததற்குப் பிறகு ஒப்புதல், கேட்டு வந்தது. நிரலோடு முன்கூட்டி அனுப்பவில்லை. அன்று காலையில்தான் நகலெடுத்து, காகிதத்தில் சூடு ஆறுவதற்குள் நானே ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். வயதான பேராசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "இது பாடத்திட்டக் குழுவுக்குப் போச்சா?" என்றார். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது பார்த்து டீயும் வடையும் வந்தன. கப்புகளை எடுத்த பிறகு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

நான் எழுதினேன்: "விவாதத்திற்குப் பின், பின்னேற்பு அளிக்கப்பட்டது." அந்த விவாதம் டீதான்.

அந்தக் கூட்டத்தில் பங்கேற்பு நூற்றுக்கு நூறு. வருகைப் பதிவேட்டில் எல்லோர் கையெழுத்தும் இருந்தது, பயணப்படிப் படிவமும் எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். ஆகவே 'பங்கேற்பு' என்ற சொல் மேல் எனக்கு மரியாதை குறைவு. மன்னிக்க வேண்டும் அம்மா.

இனி இரண்டாம் பாதி. 'கவர்னன்ஸ்' என்பதற்கு நிர்வாகம் என்றால் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். மேலாண்மை தொழில் நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஆட்சி என்றால் கோட்டை. அரசு 'மின் ஆளுமை' என்று வழங்குகிறது. ஆனால் தனியாக 'ஆளுமை' என்றால் இன்று மேடையில் மாலை வாங்குகிற பெரிய மனிதர். 'பல்கலைக்கழக ஆளுமைகள்' என்று எழுதிப் பாருங்கள், முன்னாள் மாணவர் மலர் மாதிரி இருக்கும். ஆளுகைதான் மிச்சம். பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த கஜேந்திரகட்கர் குழு 1971இல் கொடுத்த அறிக்கையின் பெயரிலேயே இந்தக் 'கவர்னன்ஸ்' இருக்கிறது. அதற்கும் ஆளுகை என்றே போடலாம்.

(நாகப்பட்டினத் தம்பி, அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் கப்பலைச் செலுத்துதல் என்று வேர் இருப்பது சரிதான். அதற்காகச் 'சுக்கான்மை' வேண்டாம். நம் 'ஆள்' அதைவிட வேடிக்கையான வேர். இங்கே காலையில் "ஆள் வந்தாச்சா?" என்றால் நடவுக்கு ஆள் வந்தாயிற்றா என்று அர்த்தம். ஆளுகிறதும் ஆள், நாற்றுமுடி தூக்குகிறதும் ஆள்.)

சிதம்பரத்து ஐயா உத்தரமேரூரைக் கொண்டுவந்து 'வாரியாட்சி' என்கிறார். கேட்க இனிக்கிறது. பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்பாக (வட்டமாக)ப் பிரித்து, குடவோலையில் ஆள் எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழுக்கள். முந்தைய மூன்று ஆண்டில் வாரியம் செய்தவன் கூடாது, கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. நம் குழுக்களில் அந்த விதியை ஒரு வருடம் அமல்படுத்தினால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) கிடைக்காது என்பது என் அனுபவம். ஆனால் ஐயா, அதே கல்வெட்டில் கால் வேலி இறை நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் தகுதியாகக் கேட்கிறார்களே. ஓலையில் பெயர் எழுதப்படாதவர்கள் ஊரில் எத்தனை பேர்? தவிர, இன்றைக்கு 'வாரியம்' என்றால் மின்கட்டணம்தான் ஞாபகம் வரும்.

என் முன்மொழிவு: உடனாளுகை.

'உடன்' என்பதில் சேர்ந்திருத்தலும் உண்டு, உடன்படுதலும் உண்டு. உடன்பிறந்தார், உடன்பாடு, உடன்படிக்கை. கூடியிருந்தால் மட்டும் போதாது, இசைவும் பெற வேண்டும் என்ற இரண்டாவது பொருள்தான் எனக்கு முக்கியம். என் சோதனையில் வைத்துப் பார்த்தேன்: "இப்பொருள் உடனாளுகைக்கு உட்பட்டது, பாடத்திட்டக் குழுவின் கருத்தைப் பெறாமல் நிரலில் சேர்க்க இயலாது." ஓடுகிறது. இதிலிருந்து 'உடனாளர்' என்றும் ஆக்கலாம். இப்போது 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதற்குப் பங்குதாரர் என்று எழுதி, மாணவரையும் ஆசிரியரையும் கம்பெனிப் பங்கு வாங்கியவர்கள் மாதிரி ஆக்கிவைத்திருக்கிறோம். அதற்கும் ஒரு விடிவு.

'பாலிசி மேக்கிங்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொள்கை வகுத்தல் என்றே இருக்கட்டும். "இது கொள்கை முடிவு" என்று சொல்லி வாயடைக்கிற பழக்கத்துக்குச் சொல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

– திருவையாற்றிலிருந்து

சிதம்பரத்திலிருந்து:

வாரியம் மின்கட்டணமாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடனாளுகை நன்று. ஒரு சிக்கல்: அலுவலகக் கடிதங்களில் 'உடன்' என்றால் 'உடனே'. "உடன் அனுப்பிவைக்கவும்" என்று நீங்களே எத்தனை எழுதியிருப்பீர்கள்! உடனாளுகையைத் துரித நிர்வாகம் என்று எவனாவது திட்ட அறிக்கையில் எழுதிவிடுவான். 'மன்றாட்சி' எப்படி? மன்றத்தில் கூடி ஆள்வது.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, மன்றாட்சி வேண்டவே வேண்டாம். மன்றாட்டு மாதிரி இருக்கிறது. நாங்கள் இப்போதே மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

திருவையாற்று ஐயாவுக்கு: பங்கேற்பை நீங்கள் கேலி செய்ததில் எனக்கு வருத்தமில்லை, நானும் அந்த வடையைத் தின்றவள்தான். ஆனால் உங்கள் உடனாளுகையில் யார் உடன்? எங்கள் துறையில் பாதி வகுப்பைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் எடுக்கிறார்கள். வினாத்தாள் அவர்கள் கை, விடைத்தாள் அவர்கள் கை. பாடத்திட்டக் குழுவில் ஒருவரும் இல்லை. மாணவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உத்தரமேரூரில் ஓலையில் பெயர் இல்லாதவர்களைப் பற்றிச் சிதம்பரத்து ஐயாவிடம் கேட்டீர்களே, அதே கேள்வியை உங்கள் சொல்லிடமும் கேளுங்கள்.

மறுபடியும் திருவையாறு:

அம்மா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. என் உதாரண வரியிலேயே அந்த ஓட்டை இருக்கிறது: 'பாடத்திட்டக் குழுவின் கருத்து' என்று எழுதினேன், 'பாடம் நடத்துவோர் கருத்து' என்று எழுதத் தோன்றவில்லை. முப்பது வருடப் பழக்கம். விளக்கக் குறிப்பில் இப்படிச் சேர்க்கிறேன்: "உடனாளுகை: பல்கலைக்கழக முடிவுகளில், அம்முடிவு யார் வேலையைத் தொடுகிறதோ அவர்களின் கருத்தை முன்கூட்டிக் கேட்டு, மாறாக முடிவெடுத்தால் காரணம் தெரிவித்து ஆளும் முறை." நிரந்தரப் பணியா தற்காலிகமா என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

சிதம்பரத்து ஐயா, 'உடனே' என்ற குழப்பத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. "உடன் அனுப்பவும்" என்று நான் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருந்தால் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது என்று நீங்களே சொல்வீர்கள்.

அடுத்த சொல் 'ஆர்டினன்ஸ்'. பல்கலைக்கழகச் சட்டத்தில் வருகிற ஆர்டினன்ஸ், ஆளுநர் பிறப்பிக்கிறது அல்ல. தேர்வுக் கட்டணம், விடுதி ஒழுங்கு மாதிரியானவற்றுக்கான உள்விதி. தயவுசெய்து யாரும் 'அவசரச் சட்டம்' என்று எழுதிவிடாதீர்கள். அதில் அவசரமும் இல்லை, சட்டமும் இல்லை. திருவாரூர்த் தம்பி, இதை நீங்களே தொடங்குங்கள். நான் மதகுப் பக்கம் போய்விட்டு வருகிறேன்.